வானூர்திக்குள் கொசுமருந்து அடிப்பதற்கு ஒரு சொல் வேண்டும்

அன்புள்ள குழுவினருக்கு,

வானூர்தி நிலையச் சுகாதாரப் பணியாளர்களின் பயிற்சிக்காகப் பன்னாட்டுச் சுகாதார விதிகள் (2005) ஐந்தாம் பின்னிணைப்பைத் தமிழாக்கி வருகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். மஞ்சள் காய்ச்சல் இந்தியாவில் இல்லை. அதைப் பரப்பும் ஏடிஸ் கொசுவோ இங்கே ஏராளம். ஆகவே, நோயுள்ள நாட்டிலிருந்து வரும் வானூர்திக்குள் மருந்து தெளிக்கிறார்கள். விதிகளில் இதற்கு ‘டிஸின்செக்‌ஷன்’ என்று பெயர். ‘பூச்சிநீக்கம்’ என்று எழுதினேன். வகுப்பிலிருந்த செவிலியர் ஒருவர், “குழந்தைகளுக்குக் கொடுக்கும் பூச்சி மாத்திரையா?” என்று கேட்டுவிட்டார்.

*

ஐயா,

வயிற்றுப் புழுவையும் பூச்சியென்னும் பேச்சுவழக்கின் மேல் கலைச்சொல்லைக் கட்டலாகாது. வண்டை ‘அறுகால்’ என்ற மரபு நமக்கு இருக்கையில் ‘அறுகாலி நீக்கம்’ என்பதே தகும். இடையில் ஒன்று: ‘உலங்கு’ என்பதற்குக் கொசு என்று அகராதி பொருள் தருகிறது, ஹெலிகாப்டருக்கு ‘உலங்கு வானூர்தி’ என்று இலங்கையில் பெயரிட்டவர்கள் இதை எண்ணியே பெயரிட்டிருக்க வேண்டும் என்பது என் துணிபு.

*

புலவர் ஐயாவுக்கு யாழ்ப்பாணத்திலிருந்து வணக்கம்.

‘அறுகாலி’ என்றால் எங்கள் மாணவர்கள் நாற்காலிக்குத் தமையன் என்றுதான் நினைப்பார்கள். நாங்கள் நோய் சுமக்கும் நுளம்பை, அதாவது உங்கள் கொசுவை, ‘நோய்க்காவி’ என்கிறோம். ‘காவியழிப்பு’ என்று வைத்தால் என்ன?

*

அம்மா, தமிழ்நாட்டில் ‘காவியழிப்பு’ என்று அச்சிட்டால் அது சுகாதாரக் கையேடாக இராது, தேர்தல் துண்டறிக்கையாகிவிடும். மேலும் எலியும் நோய்க்காவிதான். எலியை ஒழிப்பதற்கு விதிகளில் தனிச்சொல் உண்டு. ‘ஊர்திப் பூச்சியழிப்பு’ என்று சுருக்கலாமென்றால், வரையறையில் பயணப்பெட்டி, சரக்கு, அஞ்சல் பொதி எல்லாம் வருகின்றன. நிலையத்தைச் சுற்றிக் குறைந்தது 400 மீட்டர் வரை செய்ய வேண்டிய கொசுக் கட்டுப்பாடு வேறு பணி. அதோடு இது கலந்துவிடவும் கூடாது. வெறும் ‘பூச்சியழிப்பு’ போதும். மாத்திரை நினைவு வராதபடி, சொல் முதலில் வரும் இடத்தில் வரையறையைச் சேர்த்துவிடுங்கள்.

*

நான்கு பேர் ‘பூச்சியழிப்பு’ என்கிறார்கள்; நேரமும் இல்லை, அதையே அச்சுக்கு அனுப்புகிறேன். யாழ்ப்பாணத்து அம்மாவுக்காக வரையறையில் ‘கொசு (நுளம்பு)’ என்று சேர்த்திருக்கிறேன்.

*

அனுப்புங்கள். ஆயினும் விதியின் வரையறை பூச்சிகளைக் ‘கட்டுப்படுத்தவோ கொல்லவோ’ என்கிறது. ‘அழிப்பு’ அதில் பாதியைத்தான் சொல்கிறது. ‘நீக்கம்’ இரண்டையும் தாங்கியிருக்கும். என் மறுப்பு இருக்கட்டும். ‘உலங்கு’ பற்றித் தனி மடல் எழுதுகிறேன்.