முழங்காலுக்கு மேல் கால் எடுத்தவர் சைக்கிள் ரேஸ் ஓட்ட: செயற்கைக்காலா, ஒற்றைக்காலா?

கிராங்க்குமார்:
முழங்காலுக்கு மேலே கால் எடுத்தவங்க ரேஸ்ல செயற்கைக்கால் மாட்டிக்கிட்டு ரெண்டு பெடலையும் மிதிக்கிறதுதான் முறைன்னு போன திரியில ஒருத்தர் தீர்ப்பு எழுதிட்டுப் போயிட்டார். எனக்கு உடன்பாடில்லை. அது நடக்கிறதுக்குச் செஞ்ச கால். சாக்கெட்டோட (மீந்த தொடையை நுழைக்கிற கூடு) மேல் விளிம்பு உட்காரும் எலும்புக்கு அடியில முட்டுக்கொடுக்கும். சீட்ல ஏறினா அதே விளிம்பு சீட்டுக்கும் எலும்புக்கும் நடுவுல மாட்டிக்கும், இடுப்பு ஒரு பக்கமா தூக்கிக்கும். கொஞ்ச நேரத்துல லைனருக்குள்ள (தோலை ஒட்டிப் போடுற உறை) வியர்வை தேங்கி சாக்கெட் வழுக்கும், தொடையிடுக்குல தோல் உரியும். போதாக்குறைக்கு 3-4 கிலோ சுமை. கழட்டி வச்சிட்டு ஒத்தைக்கால்ல மிதிக்கிறது எவ்வளவோ மேல். ஆஸ்திரேலியாவோட டேரன் ஹிக்ஸ் (சி2 பிரிவு; சி-க்குப் பின்னால எண் சின்னதா இருந்தா பாதிப்பு அதிகம்னு அர்த்தம்) அப்படி மிதிச்சுத்தான் டோக்கியோ பாராலிம்பிக்ஸ் ரோடு டைம் ட்ரையல்ல (தனித்தனியா கடிகாரத்தோட ஓட்டுற போட்டி) தங்கம் வாங்கினார்.

சாக்கெட்வாசி:
அந்த ஒருத்தர் நான்தான், வணக்கம். நடைக்கால் சாக்கெட்டை அப்படியே சைக்கிளில் ஏற்றினால் நீங்கள் சொன்ன அத்தனையும் நடக்கும். ரேஸுக்குத் தனி சாக்கெட் வார்க்க வேண்டும்: உள்தொடைப் பக்க விளிம்பு தாழ்வாக, எதிர்ப்பே இல்லாமல் மடங்கும் சாதாரண முட்டி. பாதம் தேவையில்லை, கீழ்க்கால் குழாய் முனையிலேயே கிளீட்டை (பெடலில் மாட்டிக்கொள்ளும் கொக்கி) போல்ட் போட்டுவிடலாம். அந்தப் பக்க கிராங்க் (பெடலைத் தாங்கும் கை) நீளம் 172.5 மி.மீ.க்குப் பதில் 150. பெடல் உச்சியில் 22.5 மி.மீ. தாழ்வதால் முட்டி அவ்வளவாக மடங்க வேண்டியதில்லை. அடியில் அதே அளவு உயரும், அதற்கேற்பக் குழாயைக் குறைக்க வேண்டும். இதை மறந்துவிட்டுத்தான் பலர் "இடுப்பு ஆடுது" என்கிறார்கள்.

சுமை என்கிறீர்களே, ஆய்வகத்தில் ஒற்றைக்கால் சோதனை செய்யும்போது எதிர் கிராங்கில் 10 கிலோ அளவுக்கு எடை கட்டுவது எதற்கு? மேலே வரும் காலைத் தூக்கத்தான். செயற்கைக்காலும் ஸ்டம்ப்பும் (மீந்திருக்கும் தொடை) அந்த வேலையில் பாதியாவது செய்யும்.

இன்னொன்று. டைம் ட்ரையல் ஒரே சீராக ஓடும் போட்டி. டோக்கியோ ரோடு ரேஸில் சி1, சி2, சி3 மூன்றையும் ஒன்றாக விட்டார்கள். முதல் இரண்டு இடம் பென் வாட்சன், ஃபின் கிரஹாம், இருவரும் சி3. மூன்றாவது வந்த சி2 வீரர் பிரான்ஸின் அலெக்ஸாந்த்ர் லெயோத்தே. ஒரு பக்கம் வலு குறைந்தவர்தான், ஆனால் இரண்டு பெடலிலும் கால் இருக்கிறது.

கிராங்க்குமார்:
லெயோத்தேக்குச் சொந்த முட்டி, சொந்தத் தொடைத் தசை. அவரை எப்படிங்க இதுல சேர்ப்பீங்க? தளர்ந்த முட்டி வழியா விசை போறது கீழ்க்குழாயோட நேர்கோட்டுல மட்டும்தான். பெடல் உச்சியில இருக்கும்போது அந்தக் கோடு கிராங்க் மையத்தை ஒட்டிப் போகும், தள்ளினாலும் சுத்தாது. கடிகார முள் கணக்குல 2 மணியிலேர்ந்து 4 மணி வரைக்கும் ஏதோ கிடைக்கும். ஸ்டம்ப் குட்டையா இருந்தா அதுவும் போச்சு. 10 கிலோ கதையெல்லாம் லேப்ல. 90 ஆர்பிஎம்ல (நிமிஷத்துக்கு 90 சுத்து) வண்டியும் ஆளுமா 80 கிலோ உருண்டுக்கிட்டிருக்கு, டிராக்ல ஃபிக்ஸ்டு கியர் (சக்கரம் சுத்தினா பெடலும் சுத்தும்) வேற. பெடலே காலை மேலே கொண்டுவந்து விட்டுடும்.

சாக்கெட்வாசி:
90 ஆர்பிஎம் வந்த பிறகு சரி. வருவதற்கு முன்? 50×15 கியரில் (முன் பல்சக்கரத்தில் 50 பல், பின்னால் 15) கிராங்க் ஒரு சுற்றுக்கு வண்டி சுமார் 7 மீட்டர் போகும். டிராக்கில் ஸ்டார்ட் கேட்டிலிருந்து கிளம்பும்போது ஒற்றைக்காலுக்கு முதல் மூன்றரை மீட்டர் மிதி, அடுத்த மூன்றரை மீட்டர் இழுவை மட்டும். அந்த நேரத்தில் உருள்வதற்கு வேகமே இருக்காது. மேட்டில் ஒவ்வொரு சுற்றிலும் இதே பாடு.

ஓரச்சக்கரம்:
ரெண்டு பேரும் ஸ்டம்ப்பை எங்கே வைப்பதுன்னு பேசவே இல்லையே. ஒற்றைக்காலில் ஓட்டினால் ஸ்டம்ப் தொங்கும், ஒவ்வொரு மிதிக்கும் இடுப்பு அந்தப் பக்கம் சரியும், நல்ல கால் பக்க எலும்பில் சீட் புண் வரும். அதற்குத்தான் வண்டியில் பொருத்தும் அரைக்குழாய்த் தாங்கி. யூசிஐ (சர்வதேச சைக்கிள் சங்கம்) விதிப்படி அடிப்பக்கம் மூடியிருக்கணும், பக்கச் சுவர் 10 செ.மீ.க்கு மேல் போகக்கூடாது, தொடையைக் கட்டவே கூடாது. விழுந்தால் கால் தானாக வெளியே வரணும் இல்லையா. உள்ளே மெத்தை ஒட்டும்போது ஸ்டம்ப் நுனி அடியில் இடிக்காத அளவுக்கு இடம் விடுங்க.

ஸ்டார்ட் விஷயத்தில் சாக்கெட்வாசி சொல்வது சரி. கிராங்க்கை 2 மணி நிலையில் வைத்துக் கிளம்பணும். இழுவையில் கிளீட் கழன்றால் அங்கேயே கதை முடிந்தது, அதனால் கிளீட்டைப் பிடிக்கும் பெடல் ஸ்பிரிங்கை முழுசா இறுக்கி, டிராக்கில் மேலே ஸ்ட்ராப்பும் போடுவாங்க. மேட்டுக்கு 34×32 மாதிரி லேசான கியர், 80-க்குக் கீழே ஆர்பிஎம் இறங்க விடக்கூடாது.

முழங்காலுக்குக் கீழே எடுத்தவங்களுக்கு இந்தச் சண்டையே இல்லை. பிரிட்டனின் பாராலிம்பிக் வீரர் ஜோடி கண்டி செயற்கைக்காலோடுதான் ஓட்டியவர்.

கிராங்க்குமார்:
மேட்டுல கஷ்டம்தான், அதை ஒத்துக்கிறேன். அதுக்காக மீதி தூரம் பூரா தொடை உரியணுமா? ஆமா, ஒத்தைக்கால்னா சும்மா இருக்கிற கிராங்க்கைக் கழட்டலாமா?

ஓரச்சக்கரம்:
இடது பக்கம்னா கழட்டலாம். ஆனா பல மாடல்களில் பேரிங்கை இறுக்கிப் பிடிப்பதே இடது கிராங்க்தான், வெறுமனே எடுத்தால் அச்சு ஆடும். வலது பக்கம் செயின் ரிங் (முன் பல்சக்கரம்) அதிலேயே இருப்பதால் பெடலை மட்டும் எடுத்து, மரைத் துளையில் பிளாஸ்டிக் மூடி அடிச்சிடுங்க. விழும்போது அந்தத் துளை விளிம்பு பக்கத்துல விழுறவர் கெண்டைக்காலைக் கிழிச்சிடலாம்.

சாக்கெட்வாசி:
கிராங்க்கைக் கழற்றும் முன் 150 மி.மீ. ஒன்று மாட்டி ஒரு மாதம் பார்க்கச் சொல்லுங்கள். விலை ஒன்றும் சாக்கெட் அளவுக்கு இல்லை.