கோதுமையை விட்டு நான்கு மாதம்: சீலியாக் பரிசோதனைக்கு எப்படித் தயாராவது?

எனக்கு வயது 38. எட்டு மாதங்களாகத் தீராத களைப்பு. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, முடி கொத்துக் கொத்தாக உதிர்கிறது, சாப்பிட்டதும் வயிறு உப்புகிறது.

முதலில் ஒரு முழுமை நல வாழ்வு மையத்தில் உணவு ஒவ்வாமைக்கான ஐஜிஜி (ரத்தத்திலுள்ள ஒருவகை எதிர்ப்பொருள்) பரிசோதனை செய்துகொண்டேன். 34 உணவுகளைத் தவிர்க்கச் சொன்னார்கள். கோதுமை, பால், முட்டை எல்லாம் அதில் அடக்கம். நம்பி, நான்கு மாதம் ஒழுங்காகக் கடைப்பிடித்தேன். வயிறு சற்று அடங்கியது. ஆனால் ஐந்து கிலோ எடை குறைந்தது. களைப்பு இன்னும் கூடியது. ஐஜிஜி என்பது அந்த உணவை நாம் சாப்பிட்டு வந்திருக்கிறோம் என்பதையே பெரும்பாலும் காட்டும், ஒவ்வாமையை அல்ல என்று பிறகுதான் மருத்துவர் விளக்கினார். இதை யாராவது முன்பே சொல்லியிருக்கலாம் என்று இன்றும் மனம் ஆறவில்லை.

அவர் எடுத்த ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 12.2, தைராய்டு சரி, ஃபெரிட்டின் (உடலில் சேமிப்பில் உள்ள இரும்புச்சத்தைக் காட்டும் அளவு) வெறும் 9. இரும்புச்சத்து மாத்திரையை மூன்று மாதம் தவறாமல் சாப்பிட்டும், தேநீரோடு சேர்க்காமல் பார்த்துக்கொண்டும், ஃபெரிட்டின் 13-ஐத் தாண்டவில்லை.

குடல் சத்தை உறிஞ்சவில்லையோ என்று இப்போது சீலியாக் நோய்க்கு, அதாவது கோதுமையில் உள்ள குளூட்டன் என்ற புரதத்தால் குடல் பாதிக்கப்படும் நோய்க்கு, பரிசோதிக்க வேண்டும் என்கிறார். கோதுமையை நிறுத்தியிருந்தால் நோய் இருந்தாலும் முடிவு 'இல்லை' என்று வரக்கூடுமாம். அதனால் ஆறு வாரம் தினமும் கோதுமை சாப்பிட்டுவிட்டு வரச் சொல்லியிருக்கிறார். அரைச் சப்பாத்திக்கே இரண்டு நாள் வயிற்றுவலி.

இந்த ஆறு வாரத்தைக் கடந்தவர்கள், எவ்வளவு கோதுமையில் தொடங்கி எப்படிக் கூட்டினீர்கள்?