சாங்கீஃபை வைத்துப் போட்டியில் ஆடலாமா?

கேள்வி (தண்டையார்பேட்டை): ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6 என்ற சண்டை வீடியோ கேம் போட்டிகளில் மல்யுத்த வீரர் சாங்கீஃபைத்தான் எடுக்கிறேன். எதிராளி எடுக்கும் கைல் என்ற வீரர் தொலைவில் நின்று சோனிக் பூம் என்ற எறிதாக்குதலை எறிந்துகொண்டே இருந்தால், நெருங்குவதற்குள் பாதி உயிர் போய்விடுகிறது. வேகமான வீரருக்கு மாறிவிடலாமா, அண்ணே?

பதில் (ராயபுரம்): மாற வேண்டாம், தம்பி. குதித்து நெருங்கப் பார்ப்பவரைத்தான் கைல் எதிர்பார்த்துக் காத்திருப்பார். பூமை டிரைவ் பாரியால் (அடியைச் சேதமின்றி ஏற்கும் தடுப்பு) வாங்கிக்கொண்டு, கிடைக்கும் இடைவெளியில் இரண்டடி நடந்து, மீண்டும் நின்று, பொறுமையாக அவரை மூலைக்குத் தள்ளுங்கள். சாங்கீஃபின் பிடியான ஸ்க்ரூ பைல்டிரைவரைத் தடுப்பாட்டத்தால் நிறுத்த முடியாது என்பதால், மூலையில் அகப்பட்டவர் பதறிக் குதிப்பார். அந்தக் குதிப்பை அடித்து வீழ்த்துவதில்தான் பாதி வெற்றி இருக்கிறது.

பதில் (வியாசர்பாடி): அண்ணன் சொன்னதில் ஒன்றைச் சேர்க்கிறேன். பாரியை அழுத்திப் பிடித்தே பழகினால் எதிராளி ஓடிவந்து தூக்கி எறிவார். அப்போது வாங்கும் சேதமும் கூடுதல்.

ஸ்க்ரூ பைல்டிரைவர் போட, நின்றபடி லீவரை (ஜாய்ஸ்டிக்) முழு வட்டம் சுற்றினால் சாங்கீஃப் குதித்துவிடுவார் (எல்லாரும் முதலில் திட்டுவது இதைத்தான்). ஆகவே லைட் பஞ்ச் (லேசான குத்து) ஒன்றைத் தடுக்கவைத்து, அந்த அசைவு முடிவதற்குள் சுற்றிவிட்டு, எதிராளி தடுப்பிலிருந்து விடுபட்டதும் பஞ்சை அழுத்துங்கள். முந்தினால் பிடி விழாது. பிடிக்கு லைட் பஞ்சை அழுத்தினால் எட்டும் தூரம் அதிகம், ஹெவி பஞ்சை (பலமான குத்து) அழுத்தினால் சேதம் அதிகம்.