அவசரம்: டாஸ்க்பாரில் எது எந்த ஃபைல் என்றே தெரியவில்லை

கலா-பிறை:
ஆபீஸில் கம்ப்யூட்டரை மாற்றிவிட்டார்கள். ஒரு ஃபைலிலிருந்து இன்னொன்றுக்குப் போவதற்குள் உயிர் போகிறது. நேற்று ஒருவருடைய 4,300 ரிங்கிட்டை வேறொருவர் கணக்கில் ஏற்றிவிட்டேன். பழையபடி ஆக்க என்ன வழி? மாசக் கடைசி, சீக்கிரம் சொல்லுங்கள்.

செந்தூல் மணி:
எந்த விண்டோஸ்? எத்தனை ஃபைல்? மெதுவாகத் திறக்கிறதா, மாறித் திறக்கிறதா?

குட்டி-ஈப்போ:
ராம் (மெமரி) பத்தவில்லை. 16 ஜிபி போடுங்கள், எல்லாம் சரியாகும்.

பழைய கை:
ஜன்னல் மாற்ற ஆல்ட்-டேப் கீ என்று ஒன்று இருக்கிறது தங்கச்சி. விண்டோஸ் 95க்கு முன்பே வந்தது. இப்போதெல்லாம் மௌஸ் இல்லாவிட்டால் யாருக்கும் கை ஓடாது.

கலா-பிறை:
ஆல்ட்-டேப் தெரியும் அண்ணே. விண்டோஸ் 11, எக்செல் ஆறு ஃபைல். முன்பு திரைக்குக் கீழே டாஸ்க்பாரில் ஒவ்வொன்றுக்கும் பேர் இருக்கும். இதில் ஒரே பச்சை ஐகான். மௌஸை வைத்தால் ஆறு குட்டிப் படம், ஆறும் ஒரே கட்டம் கட்டமாக. எல்லா ஃபைலும் "கணக்கு மாதாந்திரம்" என்று தொடங்கும், கடைக்காரர் பேர் வருவதற்குள் தலைப்பு வெட்டுப்படுகிறது.

செந்தூல் மணி:
இதை முதலிலேயே சொல்லக்கூடாதா! 2021இல் 11 வந்தபோது பேரோடு தனித்தனியாகக் காட்டும் வசதியே கிடையாது. 2023இல் 23எச்2 அப்டேட்டோடுதான் திரும்ப வந்தது. செட்டிங்ஸ், பர்சனலைசேஷன், டாஸ்க்பார், அதில் டாஸ்க்பார் பிஹேவியர்ஸ். கம்பைன் என்று தொடங்கும் வரியில் "நெவர்" வையுங்கள். ஃபைல் பேரில் கடைக்காரர் பேரை முன்னால் போடுங்கள். அதுவரை கன்ட்ரோலை அழுத்திக்கொண்டு ஐகானைத் தட்டினால் ஒவ்வொன்றாக மாறி வரும்.

குட்டி-ஈப்போ:
ராமும் பாருங்கள்.

மேக் பைத்தியம்:
மேக் வாங்கியிருந்தால் இந்தத் தலைவலியே இல்லை.

பழைய கை:
மேக்கில் கமாண்ட்-டேப் ஆப்பை மாற்றும், ஃபைலை மாற்றாது. ஆறு எக்செல்லுக்கும் அங்கே ஒரே ஐகான்தான். ஃபைல் மாற்ற டேபுக்கு மேலே உள்ள கீயைத் தேடு.

மேக் பைத்தியம்:
2003லேயே மேக்கின் எக்ஸ்போஸே எல்லா ஜன்னலையும் திரை முழுக்கப் பரப்பிக் காட்டியது. தெரியுமா?

பழைய கை:
பரப்பினால் என்ன, ஆறும் கட்டம்தானே. கண்ணுக்குப் படம் வேண்டாம், பேர் வேண்டும்.

செந்தூல் மணி:
இரண்டு பேரும் மாமாக் கடைக்குப் போய் தே தாரிக் குடித்துக்கொண்டே சண்டை போடுங்கள். கலா, ஆச்சா?

கலா-பிறை:
நெவர் வைத்தேன், பேர் வந்துவிட்டது. நன்றி மணி அண்ணே. 4,300 விஷயம் தவுக்கேயிடம் (முதலாளியிடம்) இன்னும் சொல்லவில்லை.