பழ ஈயை இனம் பிரிக்க யாராவது கைகொடுங்கள்

நண்பர்களே, கிருஷ்ணகிரிப் பக்கம் எங்கள் மாந்தோப்பில் மெத்தில் யூஜினால் என்ற வாசனைப் பொருள் வைத்த பொறி கட்டியிருக்கிறேன். கனிந்த வாழைப்பழத்தை மொய்க்கும் பொடி ஈ அல்ல. காய்க்குள் முட்டையிட்டுப் புழு வைக்கும் பழ ஈ. விழுந்தவை எல்லாம் ஆண் ஈக்கள்தான், அந்த வாசனைக்கு மயங்குபவை அவைதானே.

லென்ஸ் வைத்துப் பார்த்து மூன்று இனங்களைப் பிரித்துவிட்டேன். இறக்கையின் முன்விளிம்புக் கருங்கோடு நுனிவரை அறுபடாமல் ஓடினால் பாக்ட்ரோசெரா டார்சாலிஸ். கோடு நடுவில் நின்று, நுனியில் புள்ளி மட்டும் இருந்தால் அதே பாக்ட்ரோசெரா வகையின் கரெக்டா இனம் அல்லது சோனேட்டா இனம்; உடல் செம்பழுப்பாக இருப்பது சோனேட்டா.

சிக்கல் நான்காவதில்தான். கோடு டார்சாலிஸ் போலவே இருக்கிறது. ஆனால் உடல் கன்னங்கரேலென்று, முன்னங்கால் தொடையில் கரும்புள்ளியோடு. தென்னிந்தியாவில் காணப்படும் ‘கேரியே’ என்ற இனம் இதுதானா? வெறும் நிறத்தை நம்பப் பயமாக இருக்கிறது. பப்பாயே, இன்வாடென்ஸ் என்று தனி இனங்களாக வைத்திருந்தவற்றையே 2015-இல் டார்சாலிஸுடன் சேர்த்துவிட்டார்களே!

ஈக்களை ஆல்கஹாலில் போட்டு வைத்திருக்கிறேன். முதுகு, இறக்கை, கால் படங்களை இணைத்திருக்கிறேன். முகத்தையும் வயிற்றையும் எந்தக் கோணத்தில் எடுத்தால் உங்களுக்குப் பயன்படும்? அனுபவமுள்ளவர்கள் சொன்னால் நாளைக் காலை வெளிச்சத்திலேயே எடுத்துவிடுகிறேன்.