சி.எல்.ஏ. கேப்சூல் சாப்பிட்டவர்கள் இருக்கிறீர்களா?

வணக்கம். நாங்கள் கம்பம். என் அக்காவுக்காகக் கேட்கிறேன். குமுளியில் ஏலக்காய் தரம் பிரிக்கும் வேலை, காலையிலிருந்து சாயங்காலம் வரை உட்கார்ந்தேதான். எடை 84 கிலோ. அங்கே ஜிம் நடத்தும் ஒருவர் சொல்லி, எடை குறைய சி.எல்.ஏ. (கான்ஜுகேட்டட் லினோலெயிக் ஆசிட்) கேப்சூல் வாங்கி வந்திருக்கிறாள். பால், நெய்யில் கொஞ்சம் இருக்கிற கொழுப்பு அமிலம்தான். இதைக் குசும்பா எண்ணெயிலிருந்து தயாரிக்கிறார்கள். வெளிச்சத்தில் பிடித்தால் மஞ்சளாக எண்ணெய் தளும்புகிறது. தினமும் மூன்று போடுகிறாள். இரண்டு வாரமாக வயிறு சரியில்லை, சாப்பிட்டதும் எழுந்து ஓடுகிறாள்.

நானும் தேடிப் படித்தேன். எலிகளுக்கு நன்றாகவே கொழுப்பு குறைந்ததாம். மனிதர்களுக்கு, தினம் 3 கிராம் எடுத்தாலும் வாரத்துக்கு 90 கிராம் போலத்தான் கொழுப்பு குறையுமாம். அதுகூடப் பரவாயில்லை. அதில் உள்ள ஒரு வகை, பருமனான ஆண்களுக்கு இன்சுலின் எதிர்ப்பை (உடம்பில் இன்சுலின் சரியாக வேலை செய்யாத நிலையை) கூட்டியதாக 2002-இல் ஓர் ஆய்வு வந்திருக்கிறது. அக்காவுக்கு மூன்று மாதச் சராசரி சர்க்கரை (HbA1c) ஏற்கனவே 6.1 சதவீதம். அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

சர்க்கரை எல்லையில் இருந்துகொண்டு இதைச் சாப்பிட்டவர்கள் உண்டா? வெறும் வயிற்றுச் சர்க்கரை ஏறியதா? அப்புறம், தேனி, கம்பம் பக்கம் பொறுமையாகக் கேட்டுப் பேசும் சர்க்கரை டாக்டர் யாராவது இருந்தால் சொல்லுங்கள். திங்கட்கிழமை அடுத்த டப்பாவைத் திறக்கப் போகிறாள், அதற்குள் கூட்டிப் போக வேண்டும்.