வெட்டுமுக மெழுக்கு: பச்சை மரப் பூச்சுக்கு ஒரு சொல்

நண்பர்களுக்கு வணக்கம்.

பச்சை மரத்துண்டைக் கடைசல் பிடிப்பதற்கு முன், வெடிக்காமல் இருக்க அதன் இரு முனைகளிலும் மெழுகு, பெயின்ட் போன்றவற்றைப் பூசுகிறோமே, அந்தச் செயலுக்குத் தமிழ்ச்சொல் தேடும் நம் உரையாடலில் ‘முத்திரையிடல்’, ‘அடைப்பு’ என்னும் இரண்டு சொற்கள் முன்வைக்கப்பட்டுள்ளன. முத்திரை என்றால் அரக்கும் பத்திரமுமே நினைவுக்கு வருகின்றன, அதைத் தள்ளிவிடலாம். ‘அடைப்பு’ அவ்வளவு எளிதில் தள்ளக்கூடியதன்று, ஏனெனில் அது செய்முறையையே தவறாகக் கற்பித்துவிடும்.

மரத்தின் நுண்குழாய்கள் நெடுக்குவாக்கில் ஓடுவதால், பக்கவாட்டில் கசிவதைவிட அறுத்த முகத்தின் வழியே ஈரம் 10 முதல் 15 மடங்கு விரைவாக வெளியேறுகிறது. ஈரப்பதம் ஏறத்தாழ 30 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கியதும் மரம் சுருங்கத் தொடங்கும். முனை சுருங்க முயலும் வேளையில் உட்பகுதி இன்னும் ஈரம் குறையாமல் இருந்து அதைச் சுருங்க விடாமல் பிடித்துக்கொள்வதால், முனை வெடிக்கிறது. ஆண்டு வளையத்தின் போக்கில் ஏற்படும் சுருக்கம், மையத்திலிருந்து பட்டையை நோக்கிய சுருக்கத்தைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு என்பதால், வெடிப்பும் வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால்போல் விரிகிறது. எனவே பூச்சின் வேலை ஈரத்தைப் பூட்டி வைப்பதன்று, முனையின் அவசரத்தைத் தணிப்பதே. ‘அடைப்பு’ என்று படித்தவர் துண்டு முழுவதையும் பூசி வைப்பார். மாமரமாக இருந்தால் உள்ளே பூஞ்சை பிடித்து நீலம் பாய்ந்துவிடும். (முழு அடைப்பு என்றால் கடையைச் சாத்துவது என்று நினைப்பவர்களும் உண்டு.)

காவேரிப்பட்டினத்துக்கு அருகே, காய்ப்பு ஓய்ந்ததால் விறகுக்கு வெட்டப்பட்ட மாமரம் ஒன்றிலிருந்து இரண்டு துண்டுகளை வாங்கி வந்தேன். ஒன்றை அப்படியே வாசலில் விட்டேன். சித்திரை வெயிலில் மூன்றாம் நாளே அதன் முகத்தில் ஒரு ரூபாய் நாணயத்தைச் செருகி நிறுத்த முடிந்தது. மற்றொன்றுக்குப் பக்கத்துப் பட்டறை ஆசாரி சாணத்தையும் செம்மண்ணையும் குழைத்து அப்பிவிட்டு, “வாயை மெழுகி நிழல்ல போடுங்க சாமி” என்றார். சாணப்பூச்சு காய்ந்தால் தானும் வெடிக்கும் என்பதால் இருமுறை மேற்பூசினேன். மயிரிழை விரிசல்கள் சில விழுந்தன, ஓரங்குலம் அறுத்துத் தள்ளியதோடு அவையும் போயின.

நாம் தேடிய சொல் அவர் வாயிலேயே இருந்தது. ஒழுகு என்பதிலிருந்து ஒழுக்கு வருவதுபோல், மெழுகு (பூசு) என்னும் வினையிலிருந்து மெழுக்கு வருகிறது. கோயில் தரையை அலகிட்டு (பெருக்கி) மெழுக்கிடுவதை அப்பர் பாடியிருக்கிறார். மெழுகிய தரை மூச்சு விடும், ஆனால் புழுதி கிளம்பாது. ஏறத்தாழ அதுதான் இங்கும் நடக்கிறது. ஆசாரி சொன்ன ‘வாய்’ எனக்குப் பிடித்திருந்தாலும், ‘வாய்மெழுக்கு’ என்றால் உதட்டுச் சாயமோ என்று கேட்பார்கள். ஆகவே ‘வெட்டுமுக மெழுக்கு’ என்று பரிந்துரைக்கிறேன். வினையாக ‘மெழுக்கிடு’ என்றும், பூசும் பொருளை ‘மெழுக்குக்கலவை’ என்றும் வழங்கலாம்.

மெழுகு என்றாலே தேன்மெழுகும் பாரபின் மெழுகும்தானே, பழைய பெயின்டைப் பூசினால் அதுவும் மெழுக்காகுமா என்று கேட்கக்கூடும். தரையை மெழுகுகிறவர்கள் மெழுகைக் கொண்டு மெழுகுவதில்லை என்பதே என் விடை. ஆனால் ‘மெழுகுப் பால்மத்தால் (நீரில் கலந்த மெழுகால்) மெழுக்கிடுக’ என்று எழுதும்போது நாக்கு இடறத்தான் செய்கிறது, அதை ஒப்புக்கொள்கிறேன்.

எனக்கே தீராத ஐயம் ஒன்று உண்டு. பச்சையாகவே தடிமனாகக் கடைந்து, உலர்ந்தபின் மறுபடி கடைவதற்காக எடுத்துவைக்கும் கிண்ணத்தில், குழாய்களின் முனைகள் இரண்டு எதிரெதிர்ப் பக்கங்களில் வளைந்த சுவரிலேயே திறந்திருக்கின்றன. அங்கே வாள் பட்ட முகம் என்று எதுவும் இல்லை. அந்த இடத்தைச் சுட்ட ‘வெட்டுமுகம்’ பொருந்துமா, ‘இழைமுனை’ பொருந்துமா என்பதைக் கடைசல் பட்டறையில் பழகியவர்கள் சொன்னால் நன்று.